சேறு விடுவதும் கரி பிடிப்பதும்

மட்டக்களப்பு நகரத்தின் வடகிழக்குப் புறத்தில், வாவிக் கரையை ஒட்டி அமிர்தகழி இருக்கிறது. மாமாங்கேஸ்வரர் கோயிலும் அதன் தீர்த்தக் குளமும் ஊருக்குப் பேர் சொல்லுபவை. ஆடி அமாவாசைக்கு அந்தக் குளத்தில் முழுக, வாவியின் இருபுறமும் உள்ள எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் வந்து நிறையும். அங்கிருந்து சிறிது தூரத்தில் பாலமீன்மடு. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அங்கேதான். கோடையில் மணல்திட்டு அதை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் திட்டை வெட்டிவிடுவார்கள். ஆகவே இந்த ஊரைச் சுற்றிக் கிடப்பது வருடம் முழுக்க ஒரே தண்ணீர் அல்ல. மழை கொட்டும் மாதங்களில் அது நன்னீரை நெருங்கும், பிறகு மெல்ல மெல்ல உவர் ஏறும். சுமார் 56 கிலோமீட்டர் நீளமான வாவியின் இரசாயனம் முழுவதும் இந்த வாயும், தெற்கே கல்லாற்றில் உள்ள வாயும் எப்போது திறக்கின்றன, எப்போது அடைபடுகின்றன என்பதைப் பொறுத்தது.

கரையோர மணலில் குடிதண்ணீர் கிடைப்பதே நுட்பமான ஓர் ஏற்பாடு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே ஊறிக் கிடக்கும் கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீருக்கு அடர்த்தி சற்றுக் குறைவு, அதனால்தான் இந்த மிதப்பு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்ட கணக்கு. பூவல் தோண்டினாலும் கட்டுக்கிணறு கட்டினாலும் நாம் அள்ளுவது அந்த வில்லையின் மேற்பகுதியைத்தான். ஆழம் போனால் உப்பு வரும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அந்த வில்லையைத் தலைகீழாக்கியது. கடல் வீடுகளுக்குள் வந்தது போலவே கிணறுகளுக்குள்ளும் வந்தது. மணலின் மேற்பரப்பிலிருந்து உப்புநீர் கீழே இறங்கி நன்னீரைக் குலைத்தது. உதவிக்கு வந்தவர்கள் முதலில் செய்தது கிணறுகளை இறைத்து வெறுமையாக்குவது. நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பும் சேர்ந்து மேலே ஏறக்கூடும் என்பதைச் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் கரேன் வில்ஹோல்த்தும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கிழக்கு மாகாணக் கிணறுகளைப் பின்தொடர்ந்து எடுத்துக் காட்டினார்கள். கிணறுகளைக் கழுவியது பெரும்பாலும் பருவமழைதான்.

இந்த ஆய்வுக் குழுவில் கலாநிதிப் பட்டத்துக்காக வேலை செய்த ஓர் இளம் ஆய்வாளர் மெத்திகா விதானகே. கிழக்குக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் எல்லையாக உள்ள 2.4 கிலோமீட்டர் அகலமான மணல்நிலத்தில், கரைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, 2005 அக்டோபரிலிருந்து 2007 ஓகஸ்ட் வரை நிலத்தடி நீரின் மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் அளந்தார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு மின்சாரம் கடக்கும். அளவிடும் கருவி கையடக்கமானது. மேலே இரண்டரை மீற்றர் ஆழம்வரை உள்ள நீர் ஒன்று அல்லது ஒன்றரை வருடத்தில் நன்னீராகிவிட்டது. ஆனால் 28 மீற்றர் ஆழம்வரையான முழு நீர்ப்படுக்கையும் பழைய நிலைக்கு வர 15 வருடத்துக்கு மேல் செல்லும் என்று கணினி மாதிரி சொன்னது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களோடு சேர்ந்து அவர் எழுதிய அந்தக் கட்டுரை 2012இல் வெளியானது.

விதானகே இன்று ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியர். அதற்கு முன் கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் இருந்தவர். உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் இலங்கை விஞ்ஞானிகளில் ஒருவர். அவருடைய பெயரை வெளியே எடுத்துச் சென்றது உப்பு பற்றிய ஆய்வு அல்ல. உப்பைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய அளவில் தண்ணீரில் நிற்கும் ஆசனிக், கட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற சுவட்டு மூலகங்களும், அவற்றை மலிவாகப் பிடித்து வைப்பதற்கான வழிகளும்தான்.

உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு லீற்றரில் குளோரைட்டு 250 மில்லிகிராம் அளவுக்கு வந்தால் தண்ணீரில் உவர்ப்புத் தட்டும்; அதற்கு மேல் போனால் குழந்தைகூடத் துப்பிவிடும். ஆசனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது அந்த 250 மில்லிகிராமின் 25,000இல் ஒரு பங்கு. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வீட்டுக்கூரையில் வைக்கும் 1000 லீற்றர் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிறையத் தண்ணீரில் 10 மில்லிகிராம் ஆசனிக் இருந்தால் எல்லையில் நிற்கிறோம். ஓர் அரிசி மணியின் பாதி எடை அது. கட்மியத்துக்கு எல்லை இன்னும் இறுக்கம், லீற்றருக்கு 3 மைக்கிரோகிராம். சுனாமிக்குப் பிறகு சனங்கள் தாங்களாகவே கிணற்றை விட்டு விலகினார்கள், ஏனென்றால் தண்ணீரே அவர்களிடம் சொன்னது. சுவட்டு மூலகம் கலந்த கிணறு அப்படி எதுவும் சொல்வதில்லை. வங்காளத்தில் இது எவ்வளவு கொடூரமாக நடந்தது என்பது தெரிந்ததே. வயிற்றோட்டத்தைத் தடுக்க 1970களில் ஊரூராகக் குழாய்க்கிணறு போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு தோல் மருத்துவர் நோயாளிகளின் உள்ளங்கைகளைப் பார்த்துத்தான் ஆசனிக்கை அடையாளம் கண்டார். நோய் வெளியே தெரிவதற்குள் ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, இந்தக் கட்டுரையின் மையம் அதுதான். பக்டீரியாவைக் கொல்லலாம். பூச்சிகொல்லி மூலக்கூறை உடைக்கலாம். கட்மியம் ஒரு மூலகம். கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் கட்மியம் கட்மியமாகவே இருக்கும். கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றிச் செறிவு கூடும், அவ்வளவுதான். ஆகவே சுத்திகரிப்பு என்று நாம் சொல்லுவதெல்லாம் உண்மையில் இடமாற்றம். தண்ணீரில் இருப்பதை ஒரு திண்மத்தின் மேற்பரப்புக்கு மாற்றுகிறோம். எங்கிருந்து வருகிறது, எது அதைப் பிடிக்கிறது, பிடித்ததைப் பிறகு எங்கே வைப்பது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நமது நாட்டில் பெரும்பாலும் நடுக்கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

வரும் வழிகள் பல. பாறையே ஒரு வழி. உஸ்ஸங்கொட, வஸ்கமுவ போன்ற இடங்களில் பாம்புப்பாறை மண் இருக்கிறது. நிக்கலும் குரோமியமும் அங்கே இயல்பாகவே மிகுதி. எந்தத் தொழிற்சாலையும் கொட்டியதல்ல. விதானகேயின் குழு அந்த மண்ணிலிருந்து உலோகங்கள் எந்த வேகத்தில் கரைந்து வெளியேறுகின்றன என்பதை ஆராய்ந்தது. குப்பைமேடு இன்னொரு வழி. மகாவலிக் கரையிலுள்ள கண்டி கொஹாகொட மேட்டின் கசிவுநீரில் அவர்கள் வேலை செய்தார்கள். மட்டக்களப்பு நகரக் குப்பையும் நெடுங்காலம் திருப்பெருந்துறையில் கொட்டப்பட்டது, அதுவும் வாவிக்குத் தொலைவான இடமல்ல. பற்றரி, பெயின்ற், மின்சாதனங்கள் எல்லாம் மழையில் ஊறும் இடத்தில் கசிவுநீர் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கல்வி தேவையில்லை. வீச்சுவலையின் விளிம்பில் கோத்திருக்கும் ஈய மணிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், அவை தேய்ந்து தொலைவது வாவிக்குள்தான்.

படுவான்கரை வயல்களின் பசளை இன்னொரு வழி, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பொசுபேற்றுப் பசளை பாறையிலிருந்து வருகிறது. கடலடியில் படிந்து உருவான பொசுபேற்றுப் பாறைகளில் கட்மியம் இயற்கையாகவே கலந்திருக்கும். தீப்பாறை வழி வந்தவற்றில் குறைவு. எங்கள் எப்பாவல அப்பற்றைற்று தீப்பாறை வழி வந்தது. ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் மூன்று நான்கு மாதத்தில் விளைந்துவிடும் நெல்லுக்கு நேரடியாகப் பயன்படுவது கடினம். இறக்குமதிப் பசளை தேவைப்பட்டது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலிருந்து பொசுபேற்றுப் பசளையில் ஒரு கிலோ பொசுபரசு பென்ரொட்சைட்டுக்கு 60 மில்லிகிராம் கட்மியம் என்று எல்லை வகுத்தது. ஒரு போகத்தில் சேருவது மிகச் சொற்பம். ஆனால் மண் அதை மறப்பதில்லை. ஐம்பது வருடப் பசளை ஒரே வயலில் சேர்ந்து கிடக்கும்.

வயலில் அது என்ன செய்கிறது என்பது தண்ணீரைப் பொறுத்தது. வரம்பு நிறையத் தண்ணீர் நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அப்போது கந்தகம் சல்பைட்டாகிக் கட்மியத்தைக் கரையாத வடிவில் கட்டிவிடும், நெல்லின் வேர் அதை அதிகம் எடுக்காது. ஆனால் அதே வேளையில் மண்ணிலுள்ள இரும்புத் துரு கரைகிறது. துருவில் ஒட்டியிருந்த ஆசனிக் கழன்று வேருக்குப் போகிறது. தண்ணீரை வடித்தால் துரு மீண்டும் உருவாகி ஆசனிக்கைப் பிடித்துக்கொள்ளும். சல்பைட்டு உடைந்து கட்மியம் வெளியே வரும். தண்ணீர் கட்டினால் ஒன்று, வடித்தால் மற்றது. இரண்டையும் ஒரே சமயத்தில் அடக்கும் நீர்ப்பாய்ச்சல் முறையைத் தேடி ஆசியாவின் நெல் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வயலிலிருந்து வடிவது கடைசியில் வாவிக்கு வரும். நுண்ணிய களிமண் துகள்கள் கட்மியத்தைத் தம்மேல் ஒட்ட வைத்துக்கொண்டு மாரி வெள்ளத்தோடு இறங்குகின்றன. நன்னீரில் அவை பிடியை விடாது. வாவியின் உவர்ப்பகுதிக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. கடல்நீரில் குளோரைட்டு அயன் ஏராளம். கட்மியத்துக்குக் குளோரைட்டோடு நல்ல இணக்கம். இரண்டும் சேர்ந்து கரையும் சிக்கலயன்களாகித் துகளிலிருந்து கழன்று தண்ணீருக்குள் போய்விடும். உலகத்தின் கழிமுகங்கள் பலவற்றில் இது அளந்து காட்டப்பட்டது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில், அதாவது பாலமீன்மடுவுக்கு உட்புறமாக அமிர்தகழி இருப்பது போன்ற இடங்களில், துகளில் பத்திரமாக இருந்த கட்மியம் கரைந்த வடிவுக்கு மாறும். முகத்துவாரம் திறப்பது வெள்ளத்துக்கும் மீனுக்கும் இறாலுக்கும் மட்டுமான விடயம் அல்ல, உலோகங்களுக்கும் அது ஒரு கட்டளை. ஈயம் இப்படிச் சுலபமாகக் கழலாது. செம்பு அழுகிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப் பொருளோடு சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனித்தனிச் சுபாவம், மொத்தமாகப் பாரவுலோகம் என்று ஒரே பேரில் சொல்லி முடிப்பது எனக்கு ஒப்பில்லை.

அடிச்சேற்றில் இன்னொரு கதை. கண்டல் ஓரத்துச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை மணம் வரும், அது சல்பைட்டின் மணம். அந்தக் கறுப்புச் சேறு கட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மதூரியா அதிகாரமும் யப்பானின் ஷிமானே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட அவரது சக ஆய்வாளர்களும் மட்டக்களப்பு வாவியின் படிவுகளை எடுத்துச் சுவட்டு உலோகங்களை அளந்து எழுதியிருக்கிறார்கள். இந்த வாவிக்கு அத்தகைய அடிப்படை அளவீடுகள்தான் முதல் தேவை. சேற்றைத் தோண்டிக் கரையில் குவித்தால் அது காற்றுப் பட்டு ஒட்சியேறும், சல்பைட்டு உடையும், கட்டி வைத்திருந்தது கழலும். வாவியைத் தூர்வார வேண்டும் என்று அடிக்கடி கோரிக்கை எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். வாரிய சேற்றை எங்கே போடுவது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

அளப்பதே பெரும்பாடு. பத்து மைக்கிரோகிராமைத் தேடிப் போகிறவர் கொண்டுபோகும் போத்தலிலேயே அதைவிட அதிகம் ஒட்டியிருக்கக்கூடும். அதனால் போத்தலை நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் அலசி, பையில் மூடி எடுத்துப் போவார்கள். கிணற்றடியிலேயே 0.45 மைக்கிரோமீற்றர் துளையுள்ள வடிதாளில் வடித்து, சில துளி அமிலம் விட்டு, உலோகம் போத்தலின் சுவரில் ஒட்டாதபடி செய்ய வேண்டும். கூடவே வெறும் தூய நீர் ஊற்றிய ஒரு போத்தலும் அதே பயணத்தைப் போய் வரும். அதில் ஏதாவது தென்பட்டால் மற்றப் போத்தல்களின் எண்களையும் நம்ப முடியாது.

வாவித் தண்ணீரில் இதற்கு மேலும் ஒரு பொறி உண்டு. இந்த அளவுகளைப் பார்க்கும் ஐசிபி-எம்எஸ் கருவி, மாதிரியை ஆர்கன் வாயுவின் சுடரில் அணுக்களாக்கி, அணுக்களை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்து எண்ணுகிறது. ஆசனிக்கின் நிறை 75. ஆர்கனின் நிறை 40, குளோரினின் நிறை 35. உவர்நீரில் குளோரின் நிறைய இருப்பதால், சுடருக்குள் ஆர்கனும் குளோரினும் ஒட்டி நிறை 75 உள்ள ஒரு சோடியாகிவிடும். கருவி அதையும் ஆசனிக் என்றே எண்ணும்! உப்புத் தண்ணீரில் இல்லாத ஆசனிக் இருப்பதாகத் தெரியும். கருவிக்குள் ஹீலியம் வாயுவைச் செலுத்தி, பருத்த சோடிகளை மோதித் தளர்த்தி விலக்கும் ஏற்பாடு இருந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். 2011இல் அரிசியிலும் பூச்சிகொல்லியிலும் ஆசனிக் இருக்கிறதா இல்லையா என்று இலங்கையே பிளவுபட்டு வாதிட்டதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, எப்படி அளந்தார்கள் என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்று தெரியும். வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றை இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பதில் அளவீட்டுச் சிக்கலுக்கும் பங்குண்டு.

இனிப் பிடிப்பதைப் பார்ப்போம். விதானகேயின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று எங்கள் நாட்டின் வடமேற்குக் கரையில் கிடக்கும் சிவப்பு மண்ணைப் பற்றியது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் பழக்கமானது. படிகக்கல் மணல் ஒவ்வொன்றின்மேலும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. அந்தப் பூச்சின் வெளிப்புறம் முழுவதும் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சோடிகள் முளைத்து நிற்கும். தண்ணீரிலுள்ள ஆசனிக் ஆசனேற்று அயன் வடிவில் நெருங்கும்போது, அந்தச் சோடிகளைத் தள்ளிவிட்டு, இரும்போடு நேரடியாக இரசாயனப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. வெறும் மின்கவர்ச்சி என்றால் கொஞ்சம் உப்புநீர் வந்தாலே கழன்றுவிடும்; இது பிணைப்பு, ஆகவே உறுதி அதிகம். ரோகன் வீரசூரிய உள்ளிட்டோரோடு சேர்ந்து விதானகே 2006இல் இந்தப் பிடிப்பை அயன் அயனாகக் கணக்கிட்டு எழுதினார். வண்டியில் ஏற்றி வரக்கூடிய சாதாரண மண் ஆசனிக்கைப் பிடிக்கும் என்றால், ஏழை ஊர்களுக்கு அது பெரிய செய்தி.

ஆனால் ஆய்வுகூடத்துத் தூய நீரில் நடப்பது கிணற்று நீரில் அப்படியே நடக்காது. 2011இல் வந்த தொடர் ஆய்வில் அவரும் சக ஆய்வாளர்களும் போட்டி அயன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொசுபேற்று ஆசனேற்றுக்கு உடன்பிறப்பு போல: அதே வடிவம், ஏறத்தாழ அதே ஏற்றம். இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். பசளையோடு வந்த பொசுபேற்று இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஆசனிக்குக்கு இடமில்லை. வயல் சூழ்ந்த கிணறுகளில் இது முக்கியம். இன்னொரு தடையும் உண்டு. ஒட்சிசன் இல்லாத ஆழ்நீரில் ஆசனிக் ஆசனைற்று வடிவில் இருக்கும், அதற்கு ஏற்றமே கிடையாது, பிடிப்பதும் கடினம். முதலில் ஒட்சியேற்றி ஆசனேற்றாக்கிய பிறகே வடிக்க வேண்டும். வங்காளதேசத்தின் சோனோ வடிகட்டியில் இரும்புத் துண்டும் மணலும் கரியும் அடுக்கடுக்காக இருப்பது இதற்காகத்தான். அதை உருவாக்கிய அபுல் ஹுசாமுக்கு 2007இல் பத்து இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழுவும் இரும்பின் நுண்துகள்களை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசானோடு சேர்த்து மணிமணியாக்கி, ஆசனிக் வடிகட்டியை இந்தியக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதே துரு.

கட்மியமும் ஈயமும் நேரேற்றம் உடையவை. அவற்றுக்கு வேறு பொறி வேண்டும், அதுதான் கரி. உமியையோ மரத்துண்டையோ ஒட்சிசன் குறைந்த கலத்தில் 300 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் எரிந்து சாம்பலாகாமல் கருகி உயிர்க்கரியாகும். இலங்கைக்குக் கரி புதிதல்ல, சிரட்டைக்கரியிலிருந்து செயற்படுத்திய காபன் செய்து உலகத்துக்கு விற்கும் நாடு இது. நன்றாகச் செயற்படுத்திய சிரட்டைக்கரியில் ஒரு கிராமுக்குள்ளே ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு மேற்பரப்பு ஒளிந்திருக்கும். கால் ஏக்கர் காணி அது. உமிக்கரியின் பரப்பு அவ்வளவு இல்லை. ஆனால் அதன் சுவர்களில் ஒட்சிசன் சேர்ந்த கூட்டங்கள் நிறைய, அவை சாதாரண கிணற்று நீரில் எதிரேற்றம் பெற்று ஈயத்தையும் கட்மியத்தையும் இழுத்துப் பிடிக்கும். உமியில் உள்ள சிலிக்காவும் காரச் சாம்பலும் உதவிக்கு வரும். அதே எதிரேற்றம் ஆசனேற்றைத் தள்ளிவிடும் என்பதால், ஆசனிக்குக்கு உமிக்கரி தனியாகப் போதாது. இரும்புப் பூச்சுக் கொடுக்க வேண்டும்.

விதானகேயும் அவர் வழிகாட்டிய மாணவர்களும் எதைக் கரியாக்கினார்கள் என்று பார்த்தால் இந்த நாட்டின் கழிவுப் பட்டியலே கிடைக்கும்: உமி, தேயிலைக் கழிவு, உயிர்த்திணிவு மின்நிலையத்தில் கிளிரிசீடியா விறகு எரிந்து மிஞ்சிய கரி. நீராவி பாய்ச்சிச் செயற்படுத்திய உமிக்கரியைக் கிளைபோசேட் களைகொல்லியின்மேல் சோதித்தார்கள். பாம்புப்பாறை மண்ணில் ஐந்து சதவீதம் கரி கலந்து தக்காளி நட்டபோது, செடிக்குள் ஏறிய நிக்கல், குரோமியம், மங்கனீசு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மண்ணிலிருந்து நிக்கல் எங்கும் போகவில்லை. வேருக்கு எட்டாத பிடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் அரிசி மில்களின் பின்புறத்தில் உமி மலையாகக் கிடக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் எரித்தது போக மிச்சம் வெறுமனே புகைந்து வீணாகிறது. அதைக் கரியாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மூட்டை உமிக்கரியை வாளியில் போட்டுத் தண்ணீர் வடித்தால் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பக்கூடாது. எந்த வெப்பத்தில் கருக்கியது, உங்கள் கிணற்றில் எது இருக்கிறது, எத்தனை லீற்றருக்குப் பிறகு கரி நிறைந்து பிடியை விடும் என்ற மூன்றும் தெரியாமல் வடிகட்டி வைப்பது ஆபத்து. நிறைந்துபோன கரி பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கூடும், குறிப்பாக உவர் ஏறும் மாதங்களில். ஆகவே மட்டக்களப்பில் எந்த வடிகட்டி வந்தாலும் அதை மாரியில் ஒருமுறையும் கடுங்கோடையில் ஒருமுறையும் சோதிக்க வேண்டும். ஒரே கிணறு அந்த இரு பருவத்திலும் இரண்டு வேறு தண்ணீர்கள். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக் குழாய்களுக்கு வருவது பெரிய ஆறுதல். குழாய் எட்டாத வீடுகள் இன்னும் கிணற்றை நம்பியே இருக்கின்றன.

சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களில் வேறு வழி எடுத்தார்கள். எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரங்கள் ஊரூராக வந்தன. சவ்வு எல்லாவற்றையும் தடுக்கும், தண்ணீர் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கு, தடுக்கப்பட்ட உப்பையும் புளோரைட்டையும் செறிவாக ஏந்திக்கொண்டு கழிவாக வெளியே வரும். அது பல இடங்களில் பக்கத்து நிலத்துக்கே போகிறது. மறுபடியும் இடமாற்றம்தான்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. ஆசனிக் நிறைந்த இரும்பு மண்ணையோ கட்மியம் நிறைந்த உமிக்கரியையோ என்ன செய்வது? அடுப்பில் எரிக்கவே கூடாது, இரண்டு மூலகங்களும் சூட்டில் ஆவியாகிப் புகையோடு வீட்டுக்குள் வரும். வயலில் பரப்பவும் கூடாது. குப்பைமேட்டில் புதைக்கலாம் என்பதுதான் பலரும் சொல்லும் விடை. அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள், அதற்கென்று ஓர் அமிலக் கரைப்புச் சோதனையும் வைத்திருந்தார்கள். அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் அந்தச் சோதனையைச் சோதித்தார்கள். குப்பைமேட்டின் அடியில் ஒட்சிசன் கிடையாது, கரிமப் பொருள் அழுகிக்கொண்டிருக்கும், தண்ணீர் நெடுங்காலம் தங்கும். அந்தச் சூழலில், சோதனையில் தேறிய அதே இரும்புப் பொருள் பல மடங்கு ஆசனிக்கை வெளியே விட்டது. தண்ணீர் கட்டிய வயலில் துரு கரைந்து ஆசனிக் கழலும் அதே இரசாயனம்.

மேற்கு வங்காளத்தின் கிராமங்களில் லீஹை பல்கலைக்கழகத்து அரூப் சென்குப்தாவும் வங்காளப் பொறியியலாளர்களும் 1990களின் இறுதியிலிருந்து கிணற்றோடு பொருத்திய வடிகட்டிகளை நடத்தி வந்தார்கள். பொருள் நிறைந்ததும் அதைக் காரத்தில் கழுவி மீண்டும் பயன்படுத்தினார்கள். கழுவியதில் வந்த ஆசனிக்கை இரும்போடு சேர்த்துச் சிறிதளவு சகதியாக வீழ்த்தினார்கள். அந்தச் சகதியைப் புதைக்கவில்லை. காற்றுப் புகக்கூடிய பருமணல் படுக்கையின்மேல், ஊர்க்குழுவின் பொறுப்பில் ஒரு தொட்டிக்குள் வைத்தார்கள். ஒட்சிசன் இருக்கும்வரை துரு துருவாகவே இருக்கும், ஆசனிக்கையும் விடாது. அந்தத் தொட்டிக்குப் பெரிய செலவில்லை. காணியில் ஒரு மூலை, மழை விழாத கூரை, கணக்கு எழுதும் ஒருவர் இருந்தால் போதும். மட்டக்களப்பில் எந்த ஊர் வடிகட்டி வாங்கப் புறப்பட்டாலும், விலை பேசும் முன்பே அந்த மூலையைத் தெரிவு செய்துகொள்ளலாம்.